நலம் பதினேழு

நலம் பதினேழு நலமாக இல்லை. மூன்று வருஷமாக இல்லை. அதற்கு முன்னாலும் இல்லை. ஆய்வில் நடந்த தப்பு அவ்வளவுதான். மனச்சோர்வுக்காரர்கள், பதற்றக்காரர்கள், குடியை விடமுடியாதவர்கள் என்று முப்பத்து நான்கு நோயாளிகளின் மூளையைப் படம் பிடித்த ஆய்வு அது. ஒவ்வொரு நோயாளிக்கும் அதே வயதில், நோயில்லாத ஒரு ஜோடி. நோயாளி ஒன்று, நலம் ஒன்று. நோயாளி இரண்டு, நலம் இரண்டு. திருச்சியில் ஐம்பத்தெட்டு வயது ஆண்பிள்ளையை, சர்க்கரை இல்லாமல், பிரஷர் இல்லாமல், உடம்புக்குள் கம்பி எதுவும் வைக்காமல் பிடிப்பது லேசில்லை. பிடித்து வைத்திருந்த பஸ் கண்டக்டரும் அந்த ஞாயிற்றுக்கிழமை டியூட்டி மாறிவிட்டது என்று வரவில்லை. ஸ்கேன் சென்டர்காரர்கள் ஆய்வுக்கு மெஷினைக் கொடுப்பது ஞாயிறு காலை ஆறிலிருந்து ஒன்பது வரை, வழக்கமான கூட்டம் வருவதற்கு முன்னால். விட்டால் அடுத்த வாரம்தான். “நானே படுத்துக்கறேன்” என்றார் டாக்டர் சிற்றம்பலம். உளவியல் பேராசிரியர். ஆய்வே அவருடையது. வயது சரி, சர்க்கரை இல்லை. பதினைந்து கேள்விகள் உள்ள தாளை நின்றுகொண்டே நிரப்பினார். தூக்கம் எப்படி, பசி எப்படி, எதிலாவது மனசு ஒட்டுகிறதா, மருந்து ஏதாவது பழக்கமா என்று கேட்கிற தாள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை ஓர் எண்ணைச் சுழிக்க வேண்டும். அந்தக் கேள்விகளைத் தமிழில் எழுதியவரே அவர்தான். கை தானாகப் போயிற்று. பதினைந்து பூஜ்யம். பேனாவை மூடினார், போய்ப் படுத்தார்.

இன்றைக்கு அதே மெஷினில் மறுபடி படுத்திருக்கிறார். மூன்று வருஷம் கழித்து எல்லாரையும் இரண்டாம் முறை எடுக்கவேண்டும் என்பது விதி. விதியும் அவர் எழுதியதுதான். இந்த முறை ஒரு சின்ன மாற்றம்: தாள் ஸ்கேனுக்குப் பிறகு. வெளியே மேஜையில், மூலையில் ‘நலம் 17’ என்று எழுதி, மற்றபடி வெள்ளையாக, அது கிடக்கிறது. “பல்லுல கம்பி இருக்கா டாக்டர் சார்?” என்று கேட்டான் ஸ்கேன் எடுக்கிற ஜெரோம். “உனக்குத் தெரியாதா?” “தெரியும் சார். கேக்கணும்னு நீங்கதான போட்டீங்க.” காதில் பஞ்சு, அதன்மேல் ஹெட்போன், முகத்துக்கு மேலே கூண்டு மாதிரி ஒன்று, கையில் ரப்பர் பந்து. முடியாவிட்டால் அழுத்தலாம். பலகை உள்ளே நகர்ந்தது. நெற்றிக்கு நாலு விரல்கடை மேலே வெள்ளைக் கூரை. ரயிலில் மேல் பர்த் இப்படித்தான் இருக்கும். எழுந்து உட்கார முடியாது, புரண்டால் முட்டும், கீழே யாரோ செருப்பைத் தேடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். டக், டக், டக் என்று ஆரம்பித்தது. விழுப்புரத்தில் எஞ்சின் மாற்றுவான் அந்தக் காலத்தில், தடால் என்று ஒரு இடி இடிக்கும், வண்டி முழுக்க விழித்துக்கொண்டு மறுபடி தூங்கும். இவர் தூங்கியதில்லை. அப்போதே தூங்கியதில்லையா? இருபத்தாறு வயசில்? இல்லை, அப்போது தூங்கினார். ஆய்வுக் கேள்வித் தாள்கள் அடைத்த தகர டப்பாவைத் தலைக்கு வைத்துக்கொண்டு நன்றாகத் தூங்கினார். டப்பாவின் விளிம்பு கன்னத்தில் கோடு போட்டிருக்கும். அந்தக் கோட்டை யாரோ தடவிப் பார்த்துச் சிரித்தார்கள். யார்? கோமதிதான். கல்யாணமான புதுசு. கோமதிக்கு அப்போது சிரிக்க ஒரு கோடு போதும். இப்போது என்ன வேண்டும் என்று தெரியவில்லை. கேட்டதில்லை.

“சார், அடுத்தது பத்து நிமிஷம். கண்ணைத் தொறந்து வைங்க. கூட்டல் குறியைப் பாருங்க. எதையும் குறிப்பா நினைக்காதீங்க. தூங்கிடாதீங்க.” ஜெரோமின் குரல், வார்த்தை இவருடையது. ஒரு சொல்லைக்கூட மாற்றக்கூடாது என்று அட்டையில் எழுதி ஒட்டிவைத்திருக்கிறார். கண்ணுக்கு மேலே சாய்வான கண்ணாடி, அதில் கறுப்புத் திரை, நடுவே வெள்ளையாக ஒரு கூட்டல் குறி. எதையும் குறிப்பாக நினைக்காதே. இதைச் சொல்லி எத்தனை பேரைப் படுக்க வைத்தாயிற்று. ஆய்வின் உயிரே இந்தப் பத்து நிமிஷம்தான். மனுஷன் சும்மா இருக்கும்போது மூளை சும்மா இருப்பதில்லை, தன்னைப் பற்றியே தனக்குள் பேசிக்கொண்டிருக்கும். நலமாக இருப்பவனுக்கு அந்தப் பேச்சு வரும், போகும், நடுவில் ஜன்னல் தெரியும். மற்றவனுக்கு ஜன்னல் கிடையாது. அதே பேச்சு அதே முட்டுச்சந்து வரை போய் அங்கேயே திரும்பும். மெஷினுக்கு அது வெளிச்சமாகத் தெரியும். இப்போது தெரிந்துகொண்டிருக்கும். கண்ணாடிக்கு அப்பால் அவர் மாணவி நஸ்ரின் பார்த்துக்கொண்டிருப்பாள். கூட்டல் குறி லேசாக அசைந்தது. அது அசையாது, கண்தான் அசையும். பட்டம் மாதிரி மேலே போயிற்று, நூல் தெரியவில்லை. கொள்ளிடத்து மணலில் படுத்துக்கொண்டு பார்த்தால் பாலத்துக்கு மேலே இப்படித்தான் ஏதாவது ஒன்று நிற்கும். பருந்தா பட்டமா என்று தெரியாது. தெரிய வேண்டியதில்லை. நினைக்காதே. நஸ்ரின் என்ன நினைக்கிறாள்.

காலையில் வராந்தாவில் பட்டியலை வைத்துக்கொண்டு நின்றாள். இரண்டு வருஷமாக அவரிடம் ஆய்வு மாணவி, முதல் முறை ஸ்கேன் நடந்தபோது அவள் கிடையாது. “பதினேழுக்குப் போன் நம்பரே இல்ல சார். யாரு அது, எப்படிக் கூப்பிடறது?” என்றாள். “நான்தான்” என்றார். சொல்லிவிட்டு வாட்சைக் கழற்ற ஆரம்பித்தார். வார் கழலவில்லை. கொக்கி பழசு. அவள் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அரை நிமிஷம் இருக்கும். பிறகு, “சரி சார். உள்ள போங்க” என்றாள். அவ்வளவுதான். அந்த அரை நிமிஷம் இப்போது இந்தக் குழாய்க்குள் வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. ஏனென்றால் ஒரு மாதத்துக்கு முன் இதே பெண் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அவர் அறைக்கு வந்தாள். “சார், நலம் பதினேழு தப்பான பக்கம் நிக்குது.” திரையில் புள்ளிகள். நலம் எல்லாம் நீலம், ஒருபக்கம் கூட்டமாக; நோயாளிகள் சிவப்பு, இன்னொருபக்கம். சிவப்புக்கு நட்டநடுவில் ஒற்றை நீலம். கல்யாண வீடு மாறி வந்து பந்தியில் உட்கார்ந்துவிட்டவன் மாதிரி. “மெஷின் இரைச்சல், படத்துல விழுந்த பிசிறு” என்றார். “தலையை ஆட்டியிருப்பான்.” “ஆட்டலை சார். பாத்துட்டேன். அறுபத்தெட்டுப் பேர்ல ஆடாத தலை இதுதான்.” “அப்ப விடு. ஒரு புள்ளி.” “விடலாம் சார். ஆனா அந்த மனுஷன்? ஏதாவது தெரிஞ்சா கூப்பிட்டுச் சொல்லணும், டாக்டர்கிட்ட அனுப்பணும்னு விதியிலயே இருக்கே. பாவம், அவருக்கே தெரியாம இருக்கலாம்.” “இரைச்சல்னு எழுது” என்றார். எழுதினாள். அவர் சொன்னால் எழுதுவாள். புதன்கிழமை அவளுடைய தீசிஸ் போகிறது. நூற்று நாற்பதாம் பக்கத்தில், அடிக்குறிப்பில், அவள் கையெழுத்துக்குக் கீழே இவருடைய பொய் போகிறது.

ஆடாத தலை. அதைக் கேட்டபோது உள்ளே ஓரத்தில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது என்பதுதான் வெட்கக்கேடு. ஆடாத தலை. வீட்டில் அவருக்குப் பேர் கல்லுப்பிள்ளையார். பேசமாட்டார், சிரிக்கமாட்டார், கேட்டால் ‘ம்’. “அவருக்கு எப்பவும் அப்படித்தான்” என்று கோமதி வருகிறவர்களிடம் சொல்லிவிடுவாள். சிடுசிடுப்பு ஒரு நல்ல போர்வை. உள்ளே என்ன கிடக்கிறது என்று எவனும் தூக்கிப் பார்க்கமாட்டான். நோயாளிகளிடம் கேட்பார், எப்ப ஆரம்பிச்சது? அவர்களிடம் பதில் இருக்கும். அம்மா போனதிலிருந்து, வேலை போனதிலிருந்து, மகள் சொல்லாமல் போனதிலிருந்து. தேதி சொல்கிறவர்கள்கூட உண்டு. இவரிடம் தேதி இல்லை. எதுவும் போகவில்லை. எல்லாம் இருந்தது. ஒருநாள் குளியலறையில் நின்றுகொண்டிருந்தார், அதுதான் ஞாபகம். கையில் சொம்பு. பக்கெட்டுக்கு மேலே குழாய். திறக்க வேண்டியதுதான். திறக்கவில்லை. குழாயைப் பார்த்தார், சுவரில் டைல்ஸைப் பார்த்தார், டைல்ஸில் நீலப் பூ, ஒரு பூவுக்கு மட்டும் காம்பு இல்லை. நன்றாக வெளிச்சம் வந்துவிட்டது. “தண்ணி வரலியா?” என்று கோமதி கதவைத் தட்டினாள். “வருது” என்றார். வருது. அந்த ஒரு சொல்லிலிருந்து எல்லாம். தண்ணீர் வருகிறது, பசி வருகிறது, தூக்கம் வருகிறது. பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். காம்பு இல்லாத பூ மட்டும் இன்னும் சுவரில் நிற்கிறது. குழாயின் கூரையில்கூட இருக்கிற மாதிரி இருக்கிறது. சத்தம் மாறிவிட்டது. கிர்ர் என்று நீளமாக இழுக்கிறது, முக்கொம்பு அணையில் ஷட்டரைத் தூக்கும்போது தண்ணீருக்கு அடியில் கேட்கிற மாதிரி. தண்ணீர் வருகிறது.

தூக்கம் வரவில்லை. அதையாவது யாரிடமாவது சொல்லியிருக்கலாம். சொன்னார், ஒரே ஒருவரிடம். மனநல மருத்துவர், சிநேகிதர், போய்ச் சேர்ந்துவிட்டார். பத்து நாளைக்கு என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார், அரை மாத்திரை. அது பதினோரு வருஷத்துக்கு முன்னால். எழுதிய ஆள் செத்து ஆறு வருஷம். சீட்டு இன்னும் சாகவில்லை. உறையூரில் ஒரு மெடிக்கல், தில்லைநகரில் ஒன்று, ஸ்ரீரங்கத்தில் ஒன்று, மாற்றி மாற்றி. “டாக்டர் சார் வாங்க” என்பார்கள். என்ன டாக்டர் என்று எவனும் கேட்பதில்லை. அரை ஒன்றாகி, ஒன்று இரண்டாகி, இப்போது இரண்டு போட்டாலும் நாலு மணிக்கு முழிப்பு. மூக்குக்கண்ணாடி டப்பாவில் துணிக்கு அடியில் வைத்திருக்கிறார். சோர்வு, பதற்றம், பழக்கம் என்று மூன்று குழுவாகப் பிரித்து மூன்று பட்டியல் போட்டாயிற்று, மூன்றும் ஒரே மண்டையில் வாடகைக்கு இருப்பதை எழுத ஒரு கட்டம் அச்சடிக்கவில்லை. நேற்றைக்குப் போடவில்லை. ஸ்கேனில் சுத்தமாகத் தெரியட்டும் என்று. எத்தனை பேருக்கு வகுப்பெடுத்திருக்கிறார், பழகின மருந்தை ஒரு ராத்திரி சட்டென்று நிறுத்தினால் உடம்பு என்ன பாடுபடும் என்று. வகுப்பு எடுத்த ஆசாமி வேறு, படுத்திருப்பவன் வேறு போலிருக்கிறது. விடியும்வரை முழங்கால் தானாக ஆடிற்று. தலை மட்டும் ஆடவில்லை. தலை இப்போதும் ஆடவில்லை. நெஞ்சு ஆடுகிறது. கண்ணாடி டப்பா எங்கே? லாக்கரில். வாட்சோடு. லாக்கர் சாவி? ஜெரோமிடம் கொடுத்தோமா, மேஜையில் வைத்தோமா, நஸ்ரின் எடுத்து உள்ளே வைக்கலாம் என்று திறந்தால், டப்பா விழுந்தால், துணி விலகினால். விழாது. விழுந்தால். கூரை இறங்குகிறது. கூரை இறங்காது, இது காந்தம், இறங்குவதற்கு இதில் ஒன்றும் இல்லை. நாலு விரல்கடை மூன்றாயிற்று. மூச்சு கூண்டில் பட்டுத் திரும்பி முகத்திலேயே அடித்தது, அவருடைய மூச்சுதான், பழைய காப்பி வாசனையோடு. காலையில் காப்பி குடித்தோமா. கூட்டல் குறி இரண்டாயிற்று. பந்து. பந்து கையில் இருக்கிறது. அழுத்தக்கூடாது. அழுத்தினால் நலம் பதினேழு குழாய்க்குள் பயந்துவிட்டது என்று எழுதவேண்டும்.

சத்தம் நின்றது. “சார்? பந்தை அழுத்தினீங்களா?” ஜெரோம் இல்லை, நஸ்ரின். அழுத்தியிருக்கிறார். விரல்கள் இன்னும் பந்துக்குள் புதைந்து கிடந்தன. “கை பட்டுடுச்சு” என்றார்.  “வெளிய வரணுமா சார்?” “வேண்டாம். நடத்து.” “அந்தப் பத்து நிமிஷத்தை மறுபடி முதல்லேருந்து எடுக்கணும்.” “எடு.” “மெதுவா மூச்சு விடுங்க சார். அவசரமே இல்ல. நாங்க இங்கதான் இருக்கோம்.” பதற்றக்காரர்களிடம் சொல்லவேண்டிய வரி. அவர்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார், குரலை இறக்கு, இரண்டு வாக்கியத்துக்கு நடுவே மூச்சுவிட இடம் கொடு. நன்றாகக் கற்றிருக்கிறாள். அட்டையில் எழுதின வரியே ஒரு ஆள் வாயிலிருந்து வந்தால் கை மாதிரி இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அது தோளில் வந்து உட்கார்ந்தது. உட்காரட்டும். மெஷின் மறுபடி ஆரம்பித்தது, டக், டக்.

வண்டி நகர்ந்தது. இரண்டு பக்கமும் பர்த்துகள், பர்த்துக்கு ஒருவராக அறுபத்தெட்டுப் பேர், எல்லாரும் மல்லாந்து, கையில் ஒரு பந்தோடு. நீல விளக்கு எரிகிறது. இவர் நடைபாதையில் போகிறார், கையில் ரிசர்வேஷன் சார்ட்டு. ஒவ்வொரு தலைக்குள்ளிருந்தும் ஒரு முணுமுணுப்பு, தேனடை மாதிரி. குனிந்தால் கேட்கிறது. ஒரு அம்மாள் கேஸை அணைத்தேனா அணைத்தேனா என்கிறாள். ஒருத்தன் இன்னிக்கி ஒண்ணே ஒண்ணு என்கிறான். ஒரு வாத்தியார் தன் பெயரையே சொல்லிக்கொண்டு போகிறார், வருகைப்பதிவு எடுக்கிற மாதிரி, பதிலுக்கு உள்ளேன் ஐயா என்று யாரும் சொல்லவில்லை. நலமாக இருக்கிறவர்கள் பக்கம் ஜன்னல் திறந்திருக்கிறது. அங்கே முணுமுணுப்புக்கு நடுவே காற்று வருகிறது, வாழைத்தோட்டம் போகிறது, நடுவில் கொஞ்சநேரம் ஒன்றுமே இல்லை, அந்த ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. அதைத்தான் இவர் முப்பது வருஷமாக அளந்துகொண்டிருக்கிறார். அளந்தார், கை வைத்துப் பார்த்ததில்லை. பதினேழாம் பர்த் எங்கே? பதினாறு இருக்கிறது, பதினெட்டு இருக்கிறது. நடுவில் ஒரு வெள்ளை விரிப்பு, மடித்தது மடித்தபடி, மேலே கசங்காத தலையணை. சார்ட்டில் ‘வந்தாயிற்று’ என்று போட்டிருக்கிறது. போட்டது இவர் கை. “யார் சார் இதுல?” என்று டார்ச்சோடு ஒரு பெண் கேட்கிறாள். ஆள் வரலை, என்று சொல்லவேண்டும். வாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது, குளிர்ந்த தண்ணீர், நீலப் பூ மிதக்கிறது, வண்டி பாலத்தின்மேல் ஏறி சத்தம் மாறுகிறது, கீழே கொள்ளிடம், அகலமாக, யாருடைய பெயரும் இல்லாமல்.

பலகை வெளியே வந்தது. “முடிஞ்சது சார். தூங்கிட்டீங்களா?” என்றான் ஜெரோம். “இல்லை” என்றார். கன்னம் ஈரமாக இருந்தது. ஜெரோம் அதைப் பார்த்துவிட்டு, ஏசி ஜாஸ்தி சார், கண்ணுல தண்ணி வந்துரும் என்று அவனே ஒரு காரணமும் சொல்லிவிட்டு கூண்டைக் கழற்றினான்.

காத்திருக்கும் அறையில் ஒரே ஒருவர்தான் இருந்தார். மாசிலாமணி. பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ரிடையர் ஆனவர். குடிக்காக மூன்று தடவை வார்டில் சேர்ந்தவர். இப்போது பதினாலு மாதமாகத் தொடவில்லை. அடுத்து அவர் முறை. நஸ்ரின் உள்ளே படங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள், வெளியே வரவில்லை. சிற்றம்பலம் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தார். தாளை இழுத்தார். பேனாவைத் திறந்தார். ஒன்றாம் கேள்வி. அதற்குப் பூஜ்யம் என்றால் என்ன அர்த்தம், மூன்று என்றால் என்ன, கூட்டினால் பன்னிரண்டுக்கு மேல் போனால் என்ன எழுதுவார்கள், எல்லாம் தெரியும். தெரிந்தவன் எதைச் சுழித்தாலும் அது கணக்குப் பார்த்துப் போட்டதாக இருக்கும். பேனா பூஜ்யத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது. இன்னும் பதினைந்து பூஜ்யம் போட்டால் புதன்கிழமை எல்லாம் சரியாகப் போய்விடும். அவளும் வாயைத் திறக்கமாட்டாள். எதிர்த்துக் கேட்கிற இடத்தில் அவள் இல்லை.

“என்ன சார், நீங்களும் படுத்து எந்திரிச்சீங்களா? மெஷினுக்குப் பூஜை போடப் போனீங்கன்னுல்ல நெனச்சேன்” என்றார் மாசிலாமணி. எழுந்து பக்கத்தில் வந்தார். தாளின் மூலையைப் பார்த்தார். தன் கையிலிருந்த தாளைப் பார்த்தார். அதில் ‘நோயாளி 17’. “அட. என் ஜோடி நீங்களா?”

“ம்.”

மாசிலாமணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.  “மூணு வருஷமா அந்த ஆளைப் பத்தி யோசிச்சுட்டுக் கெடக்கேன் சார். ஜெரோம் தம்பிதான் சொல்லுச்சு, உங்களுக்கு ஒரு ஜோடி இருக்காரு, உங்க வயசு, நல்லா இருக்காருன்னு. கை அரிக்கும்போதெல்லாம் அவனை நெனச்சுக்குவேன். இந்நேரம் அவன் என்ன பண்ணுவான்? வாக்கிங் போவான். பேப்பர் பார்ப்பான். படுத்தா தூங்குவான். அவன் தூங்குறான்ல, நாமளும் இன்னும் அரை மணி நேரம் படுத்துக் கெடப்போம்னு கெடப்பேன்.”

 “நான் தூங்கறதில்லை” என்றார் சிற்றம்பலம்.

“அது உங்க கையைப் பாத்தாலே தெரியுதே. முப்பத்தஞ்சு வருஷம் மைக்ரோமீட்டர் புடிச்சு மயிரிழை அளந்தவன் சார் நான். குடிக்கற கை ஒரு மாதிரி ஆடும், மாத்திரைக் கை வேற மாதிரி ஆடும். வார்டுல ரெண்டும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்.” சிரித்தார். கிண்டல் இல்லை. “எத்தனை வருஷம்?”

“பதினொண்ணு.”

“வீட்டுல தெரியுமா?”

“தெரியாது.”

“தெரியும் சார். தெரியாதுன்னு நாமதான் நெனச்சுக்குவோம்.” மாசிலாமணி தாளைத் தன் பக்கம் திருப்பினார். “இதுல பூஜ்யமா போட்டுக் குடுக்கறதுல நான் கில்லாடி. ரெண்டு தடவை அப்படியே ஏமாத்தி டிஸ்சார்ஜ் வாங்கிருக்கேன். ஒரே வாரத்துல திரும்ப வந்து விழுந்தேன். அதனால சொல்றேன், உங்களுக்கு உண்மையா எழுத வராது, பேனாவை இங்க குடுங்க. நான் கேக்கறேன், நீங்க நம்பர் சொல்லாதீங்க. என்ன நடக்குதுன்னு சொல்லுங்க. நம்பர் நான் போட்டுக்கறேன்.”

ஒருவர் தாளை இன்னொருவர் நிரப்பக்கூடாது. ஒரு பங்கேற்பாளர் இன்னொரு பங்கேற்பாளரின் எண்ணையே பார்க்கக்கூடாது. விதி ஏழு, விதி ஒன்பது. சிற்றம்பலம் பேனாவைக் கொடுத்தார்.

“எதுலயாவது மனசு ஒட்டுதா?”

குளியலறையைச் சொன்னார். சொம்பு, குழாய், காம்பு இல்லாத பூ. சொல்லும்போது முட்டாள்தனமாக இருந்தது. மாசிலாமணி தலையை ஆட்டிக்கொண்டு மூன்றைச் சுழித்தார். “அடுத்தது.” சிலதுக்கு ஒன்று போட்டார். சாப்பாட்டுக்கு, “அவ்வளவு மோசமில்லை சார், ரெண்டு போதும்” என்று பேரம் பேசினார். “செத்துப் போயிடலாம்னு தோணுதா?” என்று படித்துவிட்டு நிமிர்ந்து முகத்தைப் பார்த்தார். மற்ற கேள்விக்கெல்லாம் அப்படிப் பார்க்கவில்லை. “இல்லை” என்றார் சிற்றம்பலம். மாசிலாமணி பார்வையை எடுக்கவில்லை. “இருக்கணும்னும் தோணலை” என்றார். அதற்கு எண் போட மாசிலாமணிக்குக் கொஞ்சநேரம் பிடித்தது. மருந்துக் கேள்விக்கு மூன்று கடைகளையும் சொன்னார். ஸ்ரீரங்கத்துக் கடையைச் சொன்னதும், “மாத்திரை வாங்க அவ்வளவு தூரமா, பெருமாளையாவது சேவிச்சுட்டு வந்திருக்கலாம்” என்றார் மாசிலாமணி. சிற்றம்பலத்துக்குச் சிரிப்பு வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அரைச் சிரிப்புதான். நின்றுவிட்டது.

மாசிலாமணி கூட்டிப் போட்டார். முப்பத்தொன்று. இரண்டாம் தடவையும் கூட்டினார். முப்பத்தொன்றுதான்.

“போன தடவை எனக்கு வந்ததைவிட ஒம்போது ஜாஸ்தி சார்” என்றார். “இப்ப இதை எடுத்துட்டுப் போய் யாருகிட்டயாவது காட்டணும். நாங்களும் அதைத்தான் பண்ணினோம். மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க, அது தப்பு. கொஞ்சம் கொஞ்சமா எறக்குவாங்க.”

நஸ்ரின் கதவில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. வந்து தாளை எடுத்தாள். மேலிருந்து கீழே ஒரு முறை படித்தாள். அவள் கண் அடியில் வந்து நின்றது.

“உன் தீசிஸ் புதன்கிழமை போகாது” என்றார் சிற்றம்பலம். “பதினேழை எடுத்துடு. ஏன்னு நான் கையெழுத்துப் போட்டு எழுதித் தர்றேன். இரைச்சல் இல்லை, என் தப்பு. போன தடவைத் தாள் பொய்.”

“சரி சார்” என்றாள். குரல் இறங்கியிருந்தது, இந்த முறை அட்டையைப் பார்த்து அல்ல. “நாளைக்குக் காலையில மனநல டாக்டரம்மா ஓபியில இருப்பாங்க. நானும் வர்றேன்.”

“ம்.”

“கோமதி மேடத்தையும் கூட்டிட்டு வாங்க சார்.”

 அவர் மறுக்கவில்லை. நஸ்ரின் தாளின் கடைசி வரியைக் காட்டினாள். “பதிவு செஞ்சவர் பேர் காலியா இருக்கு. இதுல என் பேர்தான் வரணும். விதிப்படி.”

“யார் எழுதினாங்களோ அவங்க பேரைப் போடு” என்றார் சிற்றம்பலம்.

அவள் பேனாவை மாசிலாமணியிடம் நீட்டினாள். அவர் அதை வாங்கி, மேஜைமேல் குனிந்து, வேலை முடிந்த உருப்படியில் குறி போடுவதுபோல ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி எழுதினார்: சே. மாசிலாமணி, ஃபிட்டர், பொன்மலை.